சிவப்பு பூசிய எலும்பு

காலை ஆறே முக்கால். உழவு மிசின் பெட்டியிலிருந்து வயல் வரம்பில் இறக்கிய எருக்குவியலில் முதலில் தெரிந்தது ஒரு சிவப்புத் துண்டு. செங்கல் என்று நினைத்து மச்சான், என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர், மண்வெட்டியால் தட்டிவிட்டார். புரண்டு விழுந்தபோது அது மனித நெற்றியெலும்பு.

எண்பதுகளின் தொடக்கம். வயல் கல்முனைக்கு மேற்கே. எரு அதற்கும் மேற்கே, காட்டு மலைக் குகையொன்றில் வெட்டியது. வௌவால் எச்சத்தோடு கூலிக்காரர் அடிமண்ணையும் வெட்டியிருந்தார்கள்.

நான் குவியலைக் கிளறினேன். இன்னும் மூன்று துண்டுகள். எல்லாவற்றிலும் வெளிப்புறம் மட்டும் காவி, கையால் தடவியதுபோல. கூடவே ஒரு சின்னக் கடற்சிப்பி, நூல் கோர்க்கத் துளையிட்டது. எங்கள் கரையில் காலில் மிதிபடும் சிப்பி. குகையிலிருந்து கடலுக்கு இரண்டு நாள் நடை. குகைகளில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள் இறந்தவர்களுக்குச் செம்மண் பூசி, அணிகலனும் வைத்தார்கள் என்று வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"அப்ப இது அடக்கின மையத்து" என்றார் மச்சான்.

"ஓம். பல ஆயிரம் வருஷம் இரிக்கும்."

"நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி வருது. மனிசன்ட மண்ணில விதைச்சிப்போட்டு நான் எப்பிடிச் சோறு திங்கிற?"

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையிடம் போனோம். அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நம்மட ஆளோ தெரியா. ஆனா மனிசன். அவங்கட ஆக்கள் வெச்ச இடத்திலயே வெச்சிருங்க."

எலும்புப் பொடியை எருவிலிருந்து பிரிக்க வழியில்லை. முழுக் குவியலையும் திரும்ப ஏற்றினோம்.

"காக்கா, எருவக் காட்டுக்குக் கொண்டுபோற மொத ஆள் நீங்கதான்" என்றான் மிசின் ஓட்டுபவன் மச்சானிடம்.

"பல்லக் காட்டாம ஓட்டு."

குகையில் வெட்டிய குழி அப்படியே இருந்தது. மச்சான் எலும்புகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சிப்பிய எடுங்க மச்சான்."

"பேப்பருக்கு ஒரு படம் எடுக்கலாமெண்டு..."

"அது அந்தாளுக்குக் குடுத்த சாமான்."

கொடுத்தேன். நெற்றியெலும்பின் பக்கத்தில் வைத்தார். மூவரும் கொண்டுவந்த எருமண்ணையே தள்ளி மூடினோம். பாறை நிழலில் ராத்தா கட்டித்தந்த மீன் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். மச்சான் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு, வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தபடி வந்தார்.

மறுநாள் தண்ணீர் வந்தது. அந்தப் போகம் அந்த வயலுக்கு எரு போடவில்லை.