நான் போடாத டிக்கெட்

இன்று காலை எங்கள் தொழிற்சாலையில் நெட் படுத்துவிட்டது. சரிபார்க்க வந்தவரிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். "டிக்கெட் போட்டீங்களா சார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே மூக்கில் சாம்பார் வாசனையும் வந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில் சாம்பாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் படித்த பல்கலைக்கழகம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அதன் விடுதியில் இன்டர்நெட் சாமான்களெல்லாம் மெஸ்ஸை ஒட்டிய சின்ன அறையில் இருந்தன. மெஸ்ஸில் தாளித்தால் அந்த அறையில் கம்ப்யூட்டர் மணக்கும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் எட்வின் அண்ணன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக்காரர். கழுத்தில் ஜெபமாலை, சட்டைப் பையில் டெஸ்டர். நெட் போனால் மாடிப்படியிலிருந்தே "அண்ணா!" என்று கத்துவோம். "வர்றேன்பா, கத்தாத" என்று பாதி வடையோடு ஏறி வருவார். மாடியில் மாட்டியிருந்த நெட் பெட்டியை ஒரு தட்டு தட்டுவார், வேலை செய்யும். நாங்கள் தட்டினால் செய்யாது. நான் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் நிர்வாகம் இந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் காண்ட்ராக்ட் விட்டது. இனி உலகத்தரம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போய்ப் பார்த்தால் அதே அறை, அதே நாற்காலி, அதே எட்வின் அண்ணன். நீல டீ-சர்ட் மட்டும் புதுசு. கம்பெனி அவரையே வேலைக்கு எடுத்திருந்தது.

"அண்ணா, மூணாவது மாடில நெட் இல்ல."

"டிக்கெட் போட்டியா?"

புகாருக்குத்தான் அந்தப் பெயர். ஆப்பில் போட வேண்டும். ஆப்பைத் திறக்க நெட் வேண்டும். நெட் இல்லாத பாவிகள் ஒரு நம்பருக்குப் போன் செய்யலாம். அங்கேயே நின்று செய்தேன். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண் எடுத்து, பெயர், அறை எண் எல்லாம் விசாரித்து, பொறியாளருக்கு இணைக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் வீணை ஒலித்தது. பிறகு என் எதிரே மேசைமேல் இருந்த போன் அடித்தது. எட்வின் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம் சார். உங்களுக்கு இன்னா உதவி வேணும்?"

"அண்ணா, நான்தான். எதிர்லதான் நிக்கிறேன்."

"தெர்துபா. ரெக்கார்ட் ஆவுது, ஒயுங்கா பேசு."

அவர் மேல் தப்பில்லை. டிக்கெட் இல்லாமல் எழுந்து போய், அந்த நேரத்தில் வரும் அழைப்பை எடுக்காவிட்டால், ஆள் சீட்டில் இல்லை என்று கம்பெனி எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டார்கள். "மூணாவது எய்தினா வூட்டுக்கு அனுப்சிடுவான்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைசி ஆண்டில், இப்போது நான் இருக்கிற இதே தொழிற்சாலை எனக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு வைத்தது. காலை பதினோரு மணிக்கு இரவல் டை கட்டி உட்கார்ந்தேன். முதல் கேள்வியிலேயே நெட் போனது. டையும் லுங்கியுமாகக் கீழே ஓடினேன். "டிக்..." என்று ஆரம்பித்த எட்வின் அண்ணன் என் கோலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இன்டர்வியூவா? நட, வர்றேன். முடிஞ்சதும் மறக்காம டிக்கெட் போட்டுடு. டைம் பதினொண்ணுன்னு போடு. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னிக்கு லிஸ்ட மூடிடுவான்."

என் அறை வாசலில், பெட்டிக்குப் போகும் வயர் தளர்ந்திருந்தது. மெஸ் ஸ்டூலில் ஏறி விரலால் அழுத்தினார், நெட் வந்தது. விட்டார், போனது. ஆகவே தேர்வு நடந்த நாற்பது நிமிடமும் கையைத் தூக்கியபடியே நின்றார். நடுவில் ஒரு தும்மல் போட்டார், என் படம் ஆடியது. "யாருங்க அங்க?" என்றார் கேள்வி கேட்டவர். "எங்க நெட்வொர்க் சார்" என்றேன். அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்கள். வேலை அந்தச் சிரிப்பில்தான் கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

மதியமே மெயில் வந்துவிட்டது. நண்பர்களோடு ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனேன். தேங்காய் உடைத்தேன். எட்வின் அண்ணனுக்கென்று தனியாக ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கினேன். இவ்வளவு நினைவிருந்த எனக்கு டிக்கெட் மட்டும் மறந்துவிட்டது. போனைக் கோயில் வாசலில் அணைத்தவன் திரும்பப் போடவே இல்லை. விடுதிக்கு வந்தபோது மணி ஏழரை.

மறுநாள் பொங்கலோடு போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். ஸ்டூலில் நின்ற நேரத்தில் நான்கு அழைப்புகள் வந்தனவாம். ஆறு மணிவரை வாட்ச்மேனிடம் எட்வின் அண்ணன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம்: "அந்தத் தம்பி கோயிலுக்குப் போய்கீது. வந்து போட்டுடும்."

கம்பெனிக்கு எழுதினேன், வார்டனிடம் கெஞ்சினேன். லிஸ்ட் மூடியது மூடியதுதான். அவர் நம்பரும் பிறகு மாறிவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது விடுதியில் பெட்டியும் இல்லை, வயரும் இல்லை. பிள்ளைகள் கையில் சொந்த டேட்டா இருக்கிறது. அந்த அறையில் மெஸ்காரர் வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார். எத்தனை போன் மாற்றினாலும் அந்த டிக்கெட் ஆப்பை மட்டும் நான் அழிக்கவில்லை. இன்று திறந்தேன். "மூன்றாவது மாடி. நேரம் பதினொன்று. எட்வின் வந்தார், சரிசெய்தார்" என்று தட்டி அனுப்பினேன்.

இந்தச் சேவை இப்போது இல்லை என்று பதில் வந்தது.