மிச்சத் தண்ணீர்

பரங்கிப்பேட்டை டீக்கடையில் சிதம்பரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். காலடியில் பத்து லிட்டர் கேன். எரிவாயுக் கிணறு ஒன்றிலிருந்து வாயுவோடு மேலே வந்த கழிவுநீர் அது.

பக்கத்தில் டீ குடிக்கும் இறால் பண்ணைக்காரர் கேட்கிறார்: "என்னா சார் அது?"

செல்போன் பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்தை இதிலிருந்து பிரிப்பதுதான் என் ஆராய்ச்சி என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து குளத்து உப்பைப் பார்க்கும் மீட்டரை எடுக்கிறார். கேனைத் திறந்து அதில் ஒரு சொட்டு விட்டு, ஒற்றைக் கண்ணால் வெளிச்சத்தில் பார்க்கிறார். கோடு அளவைத் தாண்டிவிட்டது.

"உப்பு ரொம்ப ஜாஸ்தி. நம்ம இறாலு ஒரு நிமிஷம் தாங்காது சார். இதுல எவ்ளோ லித்தியம் வரும்?"

"நிறைய வந்தால் ஒரு சிட்டிகை."

"மிச்சத் தண்ணிய எங்க ஊத்துவீங்க?"

ஆராய்ச்சிக்கு அனுமதி தந்த குழுவில் இதை யாரும் கேட்கவில்லை. பஸ் வந்துவிடுகிறது. அவரே கேனைத் தூக்கி உள்ளே வைத்து, மூடியை இன்னொரு முறை இறுக்குகிறார்.

"சிதம்பரம் வரைக்கும் கெட்டியா புடிச்சிக்குங்க சார். இந்த பஸ்ஸு எங்க குளத்துக்குத் தண்ணி வர்ற வாய்க்கா ஓரமாத்தான் போவுது."