ஒரு ராத்திரி இலவசம்

சிம்மக்கல்லில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பழக்கடையில் இரண்டு சீப்பு மலைப்பழம் வாங்குகிறேன். மாலை வெயில் இன்னும் சுடுகிறது. மதுரைக்கு வந்தால் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த முறை போவது வீட்டுக்கு இல்லை என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

"விருந்தாடியா வந்திருக்கீகளாண்ணே? வீடு எந்தப் பக்கம்?" என்கிறார் கடைக்காரர், பழத்தைக் காகிதத்தில் சுற்றியபடி.

"அக்கா வீடு விளாங்குடில இருந்துச்சு. இப்ப கனடாவுல மக கூடவே தங்கிருச்சு. நான் ஓட்டலுக்குப் போறேண்ணே. கிரெடிட் கார்டு பாயிண்டுக்கு ஒரு ராத்திரி ஃப்ரீயாக் குடுத்திருக்காங்க."

கோவாவோ ஊட்டியோ எடுத்திருக்கலாம். போனில் ஊர்களைத் தள்ளிக்கொண்டே வந்த விரல் மதுரையில் நின்றுவிட்டது. ஊருக்குள் ரூம் போட்டேன் என்று தெரிந்தால் அக்கா ஒரு மாசம் பேசமாட்டாள்.

"இம்புட்டுப் பழத்தையும் ஒத்தையாவா திம்பீக? ஒரு சீப்ப எடுத்துரவா?"

"இருக்கட்டும்ணே."

ஆட்டோவில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். மதுரையில் இதுவரை ஒரு ராத்திரிக்கும் நான் காசு கொடுத்ததில்லை. எத்தனை நாள் தங்கியிருந்தாலும், கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேண்டா" என்பாள் அக்கா.

போன் ஒலிக்கிறது. ஓட்டலில் இருந்து செய்தி வந்திருக்கிறது. வரவேற்கிறார்களாம். நாளைக் காலை பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டுமாம்.