ஏர் போட்ட சென்னியப்பன்

சென்னியப்பனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவர் என்று சொல்லவில்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே! திருப்பூரில் மங்கலம் ரோட்டில், குழந்தைகளுக்குப் பனியனும் ஜட்டியும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி அவருடையது. அந்தத் துணியைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அலையும் குட்டியானை என்னுடையது. தும்பிக்கை வைத்த யானை இல்லை, சின்ன டெம்போ. என் பெயர் ரஷீத். அவர் என்னை ரஷீது என்பார், நான் அவரை மொதலாளி என்பேன். மனசுக்குள் நான் கூப்பிடும் பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த ஊரில் நூல் ஓரிடத்தில் துணியாகும். இன்னோரிடத்தில் சாயம் ஏறும். நனைத்தால் சுருங்காமலிருக்க ஆவியில் அழுத்தி எடுக்கும் காம்பாக்டிங் வேறோரிடம். பூவும் பொம்மையும் அச்சடிக்க மற்றோரிடம். எல்லோருக்கும் இதே அலைச்சல்தான். விவரமானவர்கள் அடுத்தடுத்த தெருவிலேயே முடித்துக்கொள்வார்கள். நம்மாளுக்கு அது ஆகாது. கிலோவுக்குப் பத்துப் பைசா குறைவு என்று டீக்கடையில் எவனாவது சொல்லிவிட்டால் போதும், அவன் எந்தக் காட்டில் இருந்தாலும் துணி அங்கேதான் போகும்.

டீசலைப் பற்றி அவருக்கு என்ன கவலை? டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் டீசல் என் தலைவலி. விலை ஏறிவிட்டது, வாடகையைக் கூட்டுங்கள் என்றால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் போ" என்பார். நான் மட்டும் இளிச்சவாயனா? ஒரே லோடாகப் போக வேண்டியதை இரண்டு அரை லோடாகப் பிரித்து, இரண்டு டிரிப்புக்கும் வாடகை வாங்கிவிடுவேன். வண்டி கக்கும் புகைக்கு அவரும் காசு கொடுப்பதில்லை, நானும் கொடுப்பதில்லை. எங்கள் தொழில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவரிடம் பெரிய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. தெருமுனை டீக்கடைக்கும் அதில்தான் போவார். இறங்கி டீ குடித்துவிட்டு வரும்வரை ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து உட்காரும்போது சீட்டு சூடாக இருக்கக் கூடாதாம், துரைக்கு!

ஒருநாள் பையரின் திருப்பூர் ஆபீஸிலிருந்து இந்துமதி என்ற பெண் வந்தார். பையர் என்றால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன். "சார், இனிமேல் நீங்க கார்பனைக் கம்மி பண்ணியாகணுங்க. பையர் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க" என்றார்.

"அதையெல்லாம் எப்பவோ நிறுத்திப்போட்டமுங்க. இப்ப பூராவும் கம்ப்யூட்டர் பில்லுதானுங்க" என்றார் சென்னியப்பன்.

பில் புத்தகத்தில் வைத்து எழுதும் கார்பன் பேப்பர் என்று நினைத்துவிட்டார் மனுஷன்! அந்தப் பெண் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துவிட்டு, வண்டிப் புகையைப் பற்றிப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே என் டெம்போவின் பின்பக்கம் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் ஏறியது. 'கார்பனைக் குறைப்போம், பூமியைக் காப்போம்.' புகை கக்கும் குழாய்க்கு நேர் மேலே ஒட்டி, போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பினார். அவருடைய சேவை அத்தோடு முடிந்தது.

அப்புறம்தான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு. காம்பாக்டிங்குக்குப் பெருந்துறை தாண்டி எங்கேயோ போகச் சொன்னார்.

"மொதலாளி, பக்கத்துலயே போட்டுப்போடலாமுங்க. கப்பலுக்கு நாள் கம்மியா இருக்குது" என்றேன்.

"நீ வண்டிய ஓட்டுடா. கிலோவுக்குப் பத்துப் பைசா மிச்சம். உனக்குக் கசக்குதா?"

அங்கே பெரிய கம்பெனிகளின் துணி மலைபோல் குவிந்திருந்தது. எங்கள் துணியை ஒரு மூலையில் தள்ளினார்கள். பத்தாததற்கு பாய்லரும் பழுதானது. துணி தையலுக்குத் திரும்பி வந்தபோதே இனிக் கப்பலைப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

திருப்பூரில் எந்த முதலாளியிடமும் 'ஏர்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் செத்துப்போகும். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றுவதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. தாமதம் யாரால் வந்ததோ அவன் தலையில்தான் செலவு. ஏர் போடாவிட்டால் பையர் போய்விடுவான், கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். ஏர் போடுவதற்கு இரண்டே வழி இருந்தது. ஒன்று, காரை விற்க வேண்டும். இல்லையென்றால் உடுமலைப்பேட்டைப் பக்கம் மாமனார் நாச்சிமுத்து வைத்திருக்கும் தென்னந்தோப்பை அடமானம் வைக்க வேண்டும். பெரியவருக்குச் சோறு போடுவது அந்தத் தோப்பு ஒன்றுதான்.

"காரில்லாம ஊருக்குள்ள எப்படிறா தலைகாட்டறது?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, மாமனாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பேச்சு எனக்கும் கேட்டது.

"மாமா, அவசரமா ஏர் போடோணுமுங்க. தோப்புப் பேருல பேங்குல ஒரு கையெழுத்து வேணுமுங்க."

"ஏருங்களா!" பெரியவரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம தோப்புல ஏரோட்டி எத்தனை காலமாச்சுங்க மாப்பிள்ளை! மாடு ஏதுங்க இப்ப, டிராக்டரே வுட்டுக்கலாம். தென்னைக்கு நடுவால ஓட்டிப்போட்டுத் தட்டைப்பயிறு வெதைக்கலாமுங்க. கையெழுத்து எங்க வேணும்னாலும் போடறனுங்க."

இப்போது திருத்துவார், இதோ திருத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க மாமா. நல்லா ஆழமாவே ஓட்டிப்போடலாமுங்க" என்றார்.

அட தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?

மறுநாள் உடுமலைக்குக் காரை ஓட்ட என்னைத்தான் கூப்பிட்டார். அவ்வளவு பெரிய கார் வைத்திருக்கிறாரே, மெயின் ரோட்டில் ஓட்டுவதற்கு அவருக்குப் பயம். பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்து ஏறினார். வழியில் பையைப் பிரித்து எனக்குக் காட்டினார்.

"பாரு கண்ணு, பூச்சி உழுகாத வெதை. கையெழுத்துப் போட்டதும் டிராக்டர்காரனைப் பாத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போகோணும்."

பின்சீட்டில் மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தார். பேங்க் வாசலில் இறங்கியதும் நான் பெரியவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஐயா, இது மண்ணுல ஓட்டற ஏரு இல்லீங்க. ஏரோப்ளேனுங்க. சரக்கு கப்பலைத் தவற உட்டுப்போடுச்சு. பிளேன்ல அனுப்பற செலவுக்குத்தான் உங்க தோப்பை அடமானம் வெக்கறாரு."

"டேய் ரஷீது!" என்று பாய்ந்தார் சென்னியப்பன்.

பெரியவர் அவரைக் கையமர்த்தினார். "என்ன சரக்கு கண்ணு?"

"கொழந்தைங்க ஜட்டிங்க."

"ஜட்டிங்களா?" பெரியவர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "நானே இன்னும் ஏரோப்ளேன்ல ஏறுனதில்லீங்க மாப்பிள்ளை. ஜட்டி போகுதுங்களா?"

பெரியவர் காரின் மேல் கையை வைத்தார்.

"இந்தக் காரு யாருதுங்க?"

"என்னுதுதானுங்க மாமா."

"அப்ப அதை வித்துப்போடுங்க" என்றவர், விதைப்பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் டவுன் பஸ் ஏறிவிட்டார்.

கார் போயிற்று. ஜட்டிகள் விமானம் ஏறிப் பறந்தன. சென்னியப்பன் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் என் வாடகைக்கு வேறு எந்த மடையன் வண்டி ஓட்டுவான்? தானாகவே கூப்பிட்டார். அதற்குப்பின் கம்பெனிக்கு வருவது, போவது எல்லாம் என் டெம்போவின் முன்சீட்டில்தான்.

கூத்து இனிமேல்தான். வருஷக் கடைசியில் இந்துமதி ஒரு ஷீல்டோடு வந்தார். சொந்த வண்டிப் புகையை முழுவதுமாக ஒழித்த கம்பெனி என்று பையர் கொடுத்த பரிசாம். எனக்குத் தலை சுற்றியது. வாசலில் அவரை மடக்கினேன்.

"ஏனுங்க, அத்தனை சரக்கும் பிளேன்ல போச்சே, அந்தப் புகை?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பரிசுக்கு அதைச் சேக்கறதில்லீங்க. சொந்த வண்டி மட்டும்தான். சாருக்குன்னு இருந்தது அந்தக் கார் ஒண்ணுதானுங்களே?"

"அப்ப என் டெம்போ?"

"அது வாடகை வண்டியாச்சுங்களே."

அன்று சென்னியப்பன் ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார். கர்ச்சீப்பால் அதைத் துடைத்துக்கொண்டே, "பாத்தியாடா ரஷீது? இதுக்குத்தான் அன்னைக்கே யோசிச்சுக் காரை வித்தேன்" என்றார். நான் ஹாரனை ஓங்கி அடித்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மலர்ந்தது. "ரஷீது, பல்லடம் தாண்டி ஒருத்தன் காம்பாக்டிங்குக்கு இன்னும் அஞ்சு பைசா கொறைக்கறானாம். வண்டியத் திருப்பு."

பின்னால் அரை லோடு துணிதான் இருந்தது. மீதி அரை லோடுக்கு நாளை இன்னொரு டிரிப் அடிக்கலாம். திருப்பினேன்.