கௌபாய் நாடகத்துக்குப் போன பிடில்

என் சித்தி டெக்சாஸில் வந்து இறங்கியபோது கூடவே இரண்டு பெட்டிகளும் வந்தன. ஒன்றில் புளி, மிளகாய்ப்பொடி, வடகம். இன்னொன்றில் வயலின். முதல் பெட்டி அன்றைக்கே காலியானது. இரண்டாவதை ஒரு வருஷமாக யாரும் திறக்கவில்லை. சென்னையில் சித்தி பக்கவாத்தியக்காரி. பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் பாடுவதைப் பின்தொடர்ந்து வாசிப்பவள். "பாடறவங்க இல்லாம நான் மட்டும் வாசிச்சு என்ன பண்றது?" என்பாள்.

அவளுடைய விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சித்தப்பா ஆபீஸ் போனதும் வீட்டில் தனியாக இருப்பாள். ஸ்கூல் விட்டதும் நான் அங்கேதான் போவேன். எனக்கு ஒன்பது வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

ஒருநாள் லைப்ரரி சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தோம். ஊர்க்காரர்கள் சேர்ந்து கன்ட்ரி மியூசிக் நாடகம் போடுகிறார்களாம். நடிப்பவர்களே வாத்தியமும் வாசிக்க வேண்டும். பிடில் வாசிக்க ஆள் தேவை, சம்பளம் கிடையாது. சம்பளம் கிடையாது என்று படித்ததும் சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவர்களுக்குப் பணம் பிடிக்கும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கௌபாய் கும்பல்ல உனக்கு என்னம்மா வேலை?"

சித்தி சிரிக்கவில்லை. "இதுவும் கிடைக்கலேன்னா வயலினை ஊருக்கே அனுப்பிடறேன். இங்க கிடந்து வீணாப் போறதுக்கு அங்க யாராவது வாசிக்கட்டும்" என்றாள். சித்தப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மேடை என்றால் பட்டுப்புடவைதான், அதில் அவளிடம் பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை மாம்பழக் கலர் பட்டில் கிளம்பினாள். ஹாலுக்குள் போனால் எல்லார் தலையிலும் தொப்பி, எல்லார் காலிலும் பூட்ஸ். எனக்கு மானமே போயிற்று. அவர்கள் பேசிய டெக்சாஸ் இங்கிலீஷ் சித்திக்குப் புரியவில்லை, சித்தியின் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை. நடுவில் நான். இரண்டு பக்கமும் எனக்குப் பாதிதான் புரிந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆள் எடுப்பவர் பெரிய மீசைக்காரர். ஒவ்வொருவராக ஏறி, காலைத் தட்டி, குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே வாசித்துவிட்டுப் போனார்கள். சித்தி படியிலேயே செருப்பைக் கழற்றினாள். மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். எதையாவது கீழே போட்டுவிட்டாளோ என்று மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கிடாருடன் ஒரு பையன் பாட வந்தான். சித்தி அவனுக்கேற்பச் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் ஒரு வரி பாடி முடித்தான். சித்தி அதே வரியைக் கொஞ்சம் குழைத்துத் திருப்பி வாசித்தாள். தப்பாகப் பாடிவிட்டோம் என்று பயந்து அவன் மறுபடி முதலிலிருந்து பாடினான். சித்தி மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவைதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. சிரித்துக்கொண்டே வேண்டுமென்று நீளமாக ஒரு வரி இழுத்தான். அதையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு "பலே!" என்று சித்தி அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். ஹாலில் பூட்ஸ் கால்கள் தாளம் போட்டன.

எழுந்து நடந்துகொண்டே வாசிக்க முடியுமா என்று மீசைக்காரர் கேட்டார். சித்தி எழுந்தாள். உட்கார்ந்தால் வயலினின் தலை அவள் கணுக்காலில் ஊன்றி நிற்கும். நின்றால் அதற்கு ஏது இடம்? வயலின் சறுக்கியது, வில் கீச்சிட்டது. இன்னொரு முறை முயன்றாள், அதே கதைதான். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். போச்சு, வயலின் ஊருக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். பின்னால் வைக்கோல் ஏற்றிய மரவண்டி ஒன்று நாடகத்துக்காக நின்றிருந்தது. அதை முன்னால் தள்ளிவரச் சொல்லி, சித்தியை மேலே உட்கார வைத்தார். நடக்கிறவர்கள் இவரைச் சுற்றி நடக்கட்டும் என்றார். ஒவ்வொரு பாட்டையும் பிடில்தான் தொடங்கும், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"நீ ஏதோ தப்பா சொல்றேடி. நான் யாருக்கு வாசிக்கணும்னு கேளு" என்றாள் சித்தி.

கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "நோபடி, சித்தி. அவங்க எல்லாரும் உன்னை ஃபாலோ பண்ணணுமாம்."

காரில் ஏறிச் சாவியைப் போட்டவள் கிளப்பவில்லை.

"நான் ஆரம்பிச்சாதான் அவங்க ஆரம்பிப்பாங்களா?"

"யெஸ்."

"நான் நிறுத்தினா?"

"தே ஹேவ் டு ஸ்டாப்."

சித்தி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹாரன் அலறியது. திடுக்கிட்டு நிமிர்ந்தவள் சிரித்தாள், மறுபடி அழுதாள். ஐயோ பாவம், இவ்வளவு பயமா! வேண்டாமென்றால் நானே போய் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று தைரியம் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளி, ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து, சித்தியின் அக்காவான என் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சித்தி ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா, தங்கை இரண்டு பேருமே சுத்தப் பயந்தாங்கொள்ளிகள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.