மூன்றாவது பந்து

சிராங்கூன் சாலைக் கோவிலில் வாரந்தோறும் தேவாரம் பாடுகிறேன். குரலில் குறையில்லை, மூச்சை நீட்டவேண்டும் என்ற ஆசைதான். நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப்பின் கணவருக்குக் கொடுத்த மூச்சுப்பயிற்சிக் கருவி வீட்டில் இருந்தது. உறிஞ்சும் வேகத்துக்கேற்ப அதிலுள்ள மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக எழும்பும். அதைக் கழுவி, அடுப்பருகே நின்றபடியே இடைவிடாமல் இழுத்தேன். மூன்றாவது பந்து எழுந்தது. எனக்குக் கண் இருண்டது. கொதிக்கும் குழம்பின்மீது சாயுமுன் கணவர் தாங்கிக்கொண்டார்.

“பந்து மேல போச்சு, நீ கீழ வந்துட்ட!” என்றார். அடுப்பை அணைத்தார்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டினோம். நான் பாடுவதையும் சொன்னதும் தாதி கேட்டார்: “நல்ல குரல்தானேக்கா, யாரோட போட்டி? விடாம இழுத்தா தலை சுத்தும் லா.”

இப்போது எனக்கெனத் தனிக் கருவி வைத்திருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்து மெல்ல இழுக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் ஓய்வெடுக்கிறேன். மூன்றாவது பந்து பெரும்பாலும் அசைவதில்லை. ஆனாலும் கோவிலில் பதிகம் தடையின்றி நிறைவுறுகிறது.