கம்பவுண்டர் கட்டிய வேலி

லிஃப்டில் ஏறியதும் கம்பவுண்டர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இடது தோளைப் பார்க்கிறார். பேப்பர் போடுகிறவரின் தோள், போட்டாயிற்று. மூன்றாம் மாடி டைப்பிஸ்டின் தோள், போட்டாயிற்று. புதிதாகக் குடிவந்திருக்கும் வாத்தியாருடையது மட்டும் பாக்கி. "சார், குளிர்காலம் வருது. சாயங்காலம் கிளினிக் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று அந்தத் தோளிடமே சொல்கிறார். வாத்தியார் தம் சட்டையில் ஏதோ ஒட்டியிருப்பதாக நினைத்துத் தட்டிவிட்டுக்கொள்கிறார்.

வயது அறுபத்தொன்பது. தெருமுனைக் கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் முப்பது வருஷமாக வேலை. பனிக்காலம் நெருங்கினால் கிளினிக்கின் ஜன்னலில் வெளிச்சம் பாலாடைபோல் படிகிறது. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் தூக்கத்தில் முனகுகிறவர்போல் முனகுகிறது. அந்த முனகலில் அவருக்கும் கண் சொருகும். வந்தவர் நாற்காலியில் அமர்ந்ததும், "உங்க பொண்ணுக்கு முதல்ல என்ன பேர் வைக்கறதா இருந்தீங்க?" என்பதுபோல் எதையாவது கேட்பார். வந்தவர் சொல்ல வாயெடுக்கும்போதே ஃபுளூ தடுப்பூசி தோளில் போய்வந்துவிடும். "எப்பங்க போடுவீங்க?" "போட்டாச்சே! நீங்க மிச்சத்தைச் சொல்லுங்க." ஊசி போட்டவர் கால்மணி நேரம் உட்கார்ந்துதான் போகவேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். அந்தக் கால்மணி நேரமும் கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்பார்.

இத்தனை ஆர்வம் ஊரைக் காக்க என்று நினைத்தால் ஏமாந்தோம். எல்லாம் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருக்கும் ஒருத்திக்காக. அவர் மனைவிக்கு எழுபது தாண்டிவிட்டது, நுரையீரல் நோஞ்சான். போன வருஷம் தம் கையாலேயே ஊசி போட்டார். ஆனாலும் ஃபுளூ வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தாள்.

"அப்போ ஊசி எதுக்கும்மா?" என்று டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனார்.

"வயசான உடம்புல அது முழு வேலை செய்யாது. சில வருஷம் பாதி, சில வருஷம் அதுக்கும் கீழே. ஆனா வந்தாலும் ஆளைச் சாய்ச்சிடாம இருக்க உதவும். போடலைன்னா என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. அதைப் பார்க்கவும் எனக்கு ஆசை இல்ல."

அன்றைக்கு வீடு திரும்பும்போது தூறிக்கொண்டிருந்தது. குடை பிடித்தும் முழங்காலுக்குக் கீழே நனைந்துபோனார். 'கால் நனையுதுன்னு குடையைத் தூக்கியா போடுவாங்க?' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவளுக்கு இந்த வருஷமும் ஊசி போட வேண்டும். அவளை நெருங்குகிற அத்தனை பேருக்கும் போட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து மதியத் தூக்கத்தில் ஒரே கனவு: அவள் கட்டிலைச் சுற்றிச் சட்டைக் கையை மடித்த கைகள் வேலிபோல் நிற்கின்றன. எப்போது வந்தாலும் அதில் ஒரே ஒரு கை மட்டும் குறைகிறது.

குறைந்த கை மாடி வீட்டு அக்காவுடையது. எழுபத்து நாலு வயது. தினமும் மூன்று மணிக்கு இறங்கி வந்து மனைவியோடு ரம்மி ஆடுவாள். "ஊசியில்லாமலே இவ்வளவு தூரம் வந்த உடம்பு கம்பவுண்டரே, இனிமே எதுக்குப் பொத்தல்? போட்டுக்கிட்ட இவளுக்கே வந்துச்சே!" கதவைச் சாத்திவிடலாமென்றால் மனைவி, "அக்கா வரலைன்னா நான் காய்ச்சல் இல்லாமலே போயிடுவேன்" என்கிறாள். இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தார் மனிதர்.

போன வாரம் அவர் சமையலறையில் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருக்க, கூடத்தில் அக்கா தும்மினாள். டம்ளர் கை நழுவியது. ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"தூசி கம்பவுண்டரே, வெறும் தூசி!"

"இருக்கட்டும்க்கா. போன வருஷம் மூணு நாள் இவ மூச்சையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது. எனக்கு இவதான் இருக்கா." அக்கா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடியேறினாள்.

மறுநாள் காலை கிளினிக் திறக்கும்போது அக்கா வாசலில் நின்றாள். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்காமலே ஊசியைப் போட்டார். ஐந்தே விநாடி. "இது எப்பலேர்ந்து வேலை செய்யும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரம் ஆகும்க்கா."

அன்று மூன்று மணி ஆயிற்று. வாசல் மணி அடிக்கவில்லை. மூன்றே கால். மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டுவிட்டாளோ என்று பதறி அவர் கதவைத் திறந்தால், வராந்தாவின் அந்தக் கோடியில், பத்தடி தள்ளி, நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சீட்டுக்கட்டு.

"பதினாலு நாளைக்கு நான் இங்கதான். அவளை வாசல்கிட்ட நகர்த்தி உட்கார வைங்க. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கறது உங்க வேலை. எட்டிப் பார்த்தீங்க, ஆட்டம் கலைஞ்சிடும்!"

கம்பவுண்டர் முதல் சீட்டை வாங்கினார். படம் தெரியாமல் அதை மார்போடு அழுத்திக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி மனைவியை நோக்கி மெதுவாக நடந்தார்.